பள்ளி நாளில் உல்லாசப் பிரயாணமா?

நம் தமிழ்ப் பெற்றோரிடையே ஒரு வழக்கம் தலையெடுத்து வேரூன்றி வருகின்றது. பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருக்கும் நாட்களிலேயே பிள்ளைகளை நிறுத்திக்கொண்டு, குடும்பத்தோடு உல்லாசப் பிரயாணம் போய்விடுவதே அவ்வழக்கம். கேமரன் மலை, பினாங்கு என்றால் மூன்று நாள். திருச்சி, சென்னை என்றால் பத்து நாள், பதினைந்து நாள். இதைக் கண்டித்து வாய் திறப்பவரைக் காணோம். திறப்பவரையும் ‘பிழைக்கத் தெரியாதவர்’ என்று நகைக்கின்றனர். நகைப்புக்கு அஞ்சி உண்மையை ஒளிப்பதற்கில்லை.

நாம் வசிக்கும் ஆயர் குரோ வெளியூரார் உல்லாசத்துக்கென்றே தேடி வரும் ஊர். மிருகக்காட்சிசாலையும், பட்டாம்பூச்சிப் பண்ணையும், நீர் விளையாட்டுப் பூங்காவும் இங்கேயே உள்ளன. தோட்டக் கணக்கு வேலையாக ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அவ்வழியே செல்லும்போது, நுழைவுச் சீட்டுக்கு நிற்கும் வரிசையில் ஏழெட்டு வயதுத் தமிழ்க் குழந்தைகளைக் காண்கின்றோம். சிங்கப்பூர்ப் பிள்ளைகளாயிருக்கும், அங்கே விடுமுறையாயிருக்கும் என்று மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம். ஆனால், நம் வட்டாரத்துப் பள்ளிப் பிள்ளையே நம்மைக் கண்டு தாயின் பின்னால் ஒளிந்துகொண்டால் எவ்வாறு தேற்றிக்கொள்வது?

சிறிது பின்னோக்கிப் பார்ப்போம். அன்றைய மலாயாவில் 1923-ஆம் ஆண்டில் வந்த தொழிற் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் உள்ள தோட்டத்தில் பள்ளிக்கூடம் வைத்தே தீரவேண்டும் என்றது. கொட்டகை எழுந்தது, பிள்ளைகள் அதில் தங்கினாரில்லை. தாய் பால்வெட்டப் போனால் கைக்குழந்தையைப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். கோப்பையில் உறைந்த கட்டிப்பாலைச் சேர்க்க ஒரு கை வேண்டும். இப்படியாக நம் பாட்டிமார் பலரின் படிப்பு இரண்டாம் வகுப்போடு நின்றது. அவர்கள் பள்ளி நாளை இழந்தது வயிற்றுக்காக. அவர்களைக் குறைகூற எவருக்கும் நாவெழாது.

இன்றோ, ஆரம்பக் கல்வி 2003-ஆம் ஆண்டு முதல் இந்நாட்டில் கட்டாயமாகிவிட்டது. பிள்ளையைப் பள்ளியில் சேர்த்து அங்கே நிலைக்கச் செய்யாத பெற்றோருக்கு 5000 வெள்ளி வரை அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. பசியால் படிப்பிழந்தவரின் பேரப்பிள்ளைகளாகிய நாம், பசியில்லாத காலத்தில், பிள்ளையின் கையைப் பிடித்துப் பள்ளிக்கு வெளியே இழுக்கின்றோம். இதற்கு என்ன பெயரிடுவது?

இனி அவர்கள் கூறும் சமாதானங்களைப் பார்ப்போம்.

‘ஐந்து நாளில் குடியா முழுகிவிடும்?’ என்பது முதலாவது. ஓராண்டில் பள்ளி நடப்பதே ஏறக்குறைய 190 நாள். ஆண்டுக்குப் பத்து நாள் வீதம் ஆறாண்டில் அறுபது நாள். அஃதாவது, ஒரு முழுப் பள்ளியாண்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. காய்ச்சலாலும் வெள்ளத்தாலும் போகும் நாட்கள் இக்கணக்கில் சேரா. 2020-இல் கோவிட் நோயினால் பள்ளிகள் மூடப்பட்டபோது, ‘ஐயோ, பிள்ளைகளின் படிப்பு பாழாகின்றதே’ என்று புலம்பியவர்களும் நாமேயன்றோ?

‘ஆறாம் ஆண்டு யு.பி.எஸ்.ஆர். பரீட்சையைத்தான் 2021-இல் எடுத்துவிட்டார்களே, இனி நஷ்டம் என்ன?’ என்பது இரண்டாவது. இது முற்றிலும் தலைகீழான வாதம். சில நாட் பரீட்சை போய், அன்றாடம் வகுப்பில் உபாத்தியாயர் பார்த்து மதிப்பிடும் முறை வந்துள்ளது. பரீட்சை சில நாளாயிருந்தபோது அந்நாட்களில் பிள்ளை இருந்தால் போதும். ஒவ்வொரு நாளும் மதிப்பீடாகிவிட்ட பிறகு ஒவ்வொரு நாளும் இருக்கவேண்டாமா?

‘விடுமுறைக் காலத்தில் விமானக் கட்டணம் ஏறிவிடுகின்றது’ என்பது மூன்றாவது. மெய்தான். ஐந்து டிக்கட்டில் மிச்சம் பிடித்த தொகையைப் பெருமையோடு சொல்லும் அதே கனவான், பாடத்தில் பின்தங்கிய பிள்ளைக்கு மாதந்தோறும் டியூஷன் பணம் கட்டுகின்றார். இலவசமாக நடந்த பாடத்தை உதறிவிட்டு, அதையே விலைக்கு வாங்குவது எந்தச் சிக்கனத்தைச் சேர்ந்தது?

‘பிரயாணமும் ஒரு கல்வியன்றோ?’ என்பது நான்காவது. ஆம், கல்வியே. பிள்ளைகள் ஊர் பார்க்கக் கூடாதென்று எவரும் சொல்லவில்லை. சனி, ஞாயிறும், தவணை விடுமுறைகளும், ஆண்டிறுதி நீண்ட விடுமுறையும் அதற்கென்றே இருக்கின்றன.

இவையெல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் ஒன்றுண்டு. நம் தமிழ்ப் பள்ளிகளிற் பல மிகச் சிறியவை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் பட்டணம் போய்விட்டதால், ஒரு வகுப்பில் ஆறு பிள்ளைகள், எட்டுப் பிள்ளைகள் உள்ள பள்ளிகள் உண்டு. நாற்பது பேரில் இருவர் வராவிடில் வகுப்பு நடக்கும். ஆறு பேரில் இருவர் வராவிடில் மூன்றில் ஒரு பங்கு வெறுமை. உபாத்தியாயர் புதுப்பாடம் தொடங்கவும் மாட்டார், தொடங்காதிருக்கவும் மாட்டார். தமிழ்ப் பள்ளியைக் காப்போம் என்று மேடையில் முழங்கிவிட்டு, மறுவாரம் பிள்ளையோடு விமானம் ஏறுவது எவ்வகைக் காப்போ?

பிறரைச் சாடும் நான் உத்தமனல்லன். இரண்டாண்டுகளுக்கு முன் என் மனைவியின் தங்கை முறைப் பெண்ணுக்குத் திருச்சிக்கு அருகில் விவாகம். இரண்டாம் ஆண்டு படித்த என் மகளை எட்டுப் பள்ளி நாள் நிறுத்தி அழைத்துச் சென்றோம். காய்ச்சல் என்று கடிதம் எழுதியவன் நானே. தோட்டத்தில் கடிதம் வேண்டுவோர், ‘கிராணி ஐயா, ஒரு வரி எழுதிக் கொடுங்கள்’ என்று என்னிடந்தான் வருவார்கள். பிறருக்கு எழுதிப் பழகிய கைக்குத் தன் பிள்ளைக்கு எழுதுவது கடினமாயில்லை. திரும்பிவந்த அன்று ஆசிரியை, ‘காய்ச்சல் தேவலையா அம்மா?’ என்று பரிவோடு கேட்டாராம். என் மகள் மருதாணி அழியாத கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டு, ‘தேவலை டீச்சர்’ என்றாளாம். அன்று மாலை என்னிடம் வந்து, ‘அப்பா, எனக்கு எப்போது காய்ச்சல் வந்தது?’ என்றாள். அவள் இல்லாத நாட்களில் பெருக்கல் வாய்பாடு தொடங்கியிருந்தது. அவளுக்காக ஆசிரியை மீண்டும் முதலிலிருந்து சொல்லிக்கொடுத்தார்; மற்ற எட்டுப் பிள்ளைகள் காத்திருந்தனர். வாய்பாட்டை அவள் கற்றுக்கொண்டாள். ஆனால், பொய்யை அவளுக்குக் கற்பித்தவன் தகப்பன்.

அபராதம் போட்டால் திருந்துவார்கள் என்போர் இங்கிலாந்தைப் பார்க்கட்டும். ஜான் பிளாட் என்பவர் 2015-இல் தம் மகளைப் பள்ளி நாட்களில் புளோரிடாவுக்கு அழைத்துச் சென்றார். விதித்த அபராதத்தைக் கட்ட மறுத்து வழக்காடினார். ஒழுங்காகப் பள்ளிக்கு வருதல் என்பது பள்ளியின் விதிப்படி வருதலே என்று 2017 ஏப்ரல் 6-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 60 பவுனாயிருந்த அபராதம் 2024-இல் 80 ஆயிற்று. ஆயினும் அங்கே அபராதத்தையும் பிரயாணச் செலவோடு சேர்த்துக் கணக்கிடும் குடும்பங்கள் உண்டு. பணமுள்ளவனுக்கு அபராதம் இன்னொரு டிக்கட். இல்லாதவனுக்கு அது கழுத்துச் சுருக்கு. ஆகவே, நாம் அபராதம் கேட்கவில்லை.

நாம் கேட்பவை வேறு. செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறவனுக்கு விடுமுறை அவன் கையில் இல்லை. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி அவனுக்குரிய ஆண்டு விடுமுறை, சேவைக் காலத்துக்கேற்ப 8, 12 அல்லது 16 நாள். அதை எப்போது எடுப்பதென்று தீர்மானிப்பது தோட்ட அலுவலகம். பட்டியலை எழுதுவது கிராணி. குலை மிகுந்த மாதத்தில் இல்லையென்று சொல்லிவிட்டு, பள்ளி நடக்கும் மாதத்தில் ‘இப்போது போ’ என்றால் அவன் என்ன செய்வான்? அவன்மேற் பழி சுமத்துவது அநியாயம். பள்ளிப் பிள்ளையுள்ள தொழிலாளிக்குப் பள்ளி விடுமுறை நாட்களை முதலில் ஒதுக்கி, மற்றவர்களுக்குப் பிறகு பங்கிடுவதில் தோட்டத்துக்கு ஒரு காசும் நஷ்டமில்லை.

ஆனால் கிராணிகள், உத்தியோகஸ்தர்கள், பட்டணத்து வியாபாரிகள் ஆகிய நமக்கு இந்தச் சாக்கு இல்லை. நாள் குறிக்கும் சுதந்திரம் நம்மிடம் இருக்கின்றது. விவாகத்துக்குப் பஞ்சாங்கத்தைப் புரட்டுகின்றவர்கள் பள்ளி நாட்காட்டியையும் ஒருமுறை புரட்டலாகாதா? 2026-இல் பள்ளியாண்டு மீண்டும் ஜனவரிக்குத் திரும்பிவிட்டது. தைப் பொங்கலும் தை முகூர்த்தங்களும், முதலாம் ஆண்டுப் பிள்ளை பள்ளிவாசல் மிதிக்கும் வாரங்களும் இப்போது ஒன்றோடொன்று மோதுகின்றன. அந்த வாரத்தில் பிள்ளைக்கு வேண்டியது பெட்டியும் படுக்கையுமா, பலகையும் புத்தகமுமா?

என் மேசைமேல் இவ்வாண்டு விடுமுறைப் பட்டியலும் பள்ளி நாட்காட்டியும் அருகருகே கிடக்கின்றன. இரண்டையும் பார்த்தே பட்டியல் எழுதுகின்றேன். இல்லாத காய்ச்சலுக்கு இனி என் பேனா கடிதம் எழுதாது. தோட்டத்தார் கேட்டாலும் எழுதாது, என் வீட்டார் கேட்டாலும் எழுதாது. அன்பர்காள், நீங்கள் என்ன சொல்கின்றீர்கள்?