வள்ளத்து விளக்குக்கு ஏற்ற பாட்டரி

தூத்துக்குடி திரேஸ்புரம் மீனவர்கள் வள்ளத்தில் தாமே எல்.ஈ.டி. விளக்குப் பூட்டும்போது பழைய லாரி பாட்டரியை வாங்குவது சிக்கனமாகாது. அது எஞ்சினைக் கிளப்பச் சில நொடிகள் மின்சாரம் தரவே ஏற்றது. இரவெல்லாம் வடிந்தால் தகடுகள் விரைவில் கெடும்.

3 வாட் விளக்குகள் நான்கு 10 மணி நேரம் எரிய, 12 வோல்ட்டில் 10 ஆம்பியர்-மணி செலவாகும். ஈய-அமில பாட்டரியில் பாதியையே எடுக்கலாம் என்பதால் 20 ஆம்பியர்-மணி தேவை. லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையில் 13 போதும். விலை கூடினாலும் எடை குறைவு, ஆயுள் அதிகம், அமிலம் சிந்தாது. அதற்குரிய சார்ஜரும் ப்யூசும் இன்றியமையாதவை. உப்புக்காற்று அரிக்காதிருக்க முனைகளில் வாசலின் தடவுதல் நலம்.

2017-இல் மத்திய அரசு தடை செய்தது மீனைக் கவரும் விளக்கையே. கப்பல் தடத்தருகே வலையோடு நிற்கும் வள்ளத்தின் அடையாள விளக்கோ உயிர்காப்பு. அது நள்ளிரவில் அணையலாகாது.