தாளா கற்பிக்கும்?

ஆசிரியரை அளக்க இற்றை அரசுகளிடம் இருக்கும் ஒரே கோல் தாள்! பட்டயத் தாள், பட்டத் தாள், தகுதித் தேர்வுத் தாள்! அத் தாள்களோடு வகுப்பறைக்குள் புகுந்தவர் அங்கு எவ்வாறு கற்பிக்கிறார் என எட்டிப் பார்ப்பாரில்லை.

2025 செபுதம்பர் 1-இல் உச்ச நயன்மன்றம் ஒரு தீர்ப்பளித்தது. ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்குக் கற்பிப்போருள், ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் உள்ளோர் ஈராண்டுக்குள் தகுதித் தேர்வில் வென்றாக வேண்டும், இல்லையேல் பணியில்லை. ஐந்தாண்டுக்குக் குறைந்தோர்க்குப் பணி உண்டு. வெல்லாவிடில் பணியுயர்வு இல்லை. சிறுபான்மையர் பள்ளிகள் பற்றிய வினா மட்டும் பெரிய ஆயத்துக்கு விடப்பட்டது. கால் நூற்றாண்டு கற்பித்தவரின் திறனை அவர்தம் வகுப்பறையில் காணாமல், ஒரு நாள் தேர்வில் தேடுவது என்ன அறிவுடைமை?

பயிற்சியே வேண்டா என்கிறோமா? இல்லை! பயிற்சி வேண்டும், அதுவும் குழந்தையின் அகவைக்கு ஏற்ற பயிற்சி வேண்டும். தொடக்கக் கல்விப் பட்டயம் சிறு குழந்தைக்கு எழுத்தும் எண்ணும் அறிவிக்கும் வழியைப் பயில்விப்பது. கல்வியியல் பட்டம் வளர்ந்த மாணவர்க்குப் பாடம் சொல்லும் வழியைப் பயில்விப்பது. இவ் வேற்றுமையை மறந்து, 2018-இல் நடுவண் ஆசிரியர் கல்விக் குழு கல்வியியல் பட்டத்தார்க்கும் தொடக்கப் பள்ளிக் கதவைத் திறந்தது. ஆறு திங்கள் இணைப்புப் பயிற்சி போதும் என்றது! 2023 ஆகசுட்டு 11-இல் உச்ச நயன்மன்றம் அக் கதவை அடைத்தது. அது சரியான தீர்ப்பே. உயர்ந்த பட்டம் என்பதனாலேயே அது அரிச்சுவடிக்கு உரிய தகுதியாகிவிடாது.

ஆயினும், வழி ஒன்றே ஆசிரியரை ஆக்கிவிடாது. நியூயார்க்கு நகரப் பள்ளிகளை ஆய்ந்து கேன், இராக்காபு, இசுட்டைகர் ஆகிய மூவர் 2008-இல் வெளியிட்ட முடிவு யாது? வெவ்வேறு வழியில் வந்த ஆசிரியரிடையே கண்ட வேற்றுமையைவிட, ஒரே வழியில் வந்தவரிடையே கண்ட வேற்றுமையே பெரிது என்பதுதான்!

மேலையர் கணக்கிட்டுக் கண்டதை நம் பவணந்தியார் 13-ஆம் நூற்றாண்டிலேயே உணர்ந்திருந்தார். நன்னூற் பொதுப்பாயிரம், ஆசிரியராகாதார்க்குக் கழற்குடம், மடற்பனை, பருத்திக் குண்டிகை, முடத்தெங்கு என்னும் நான்கையும் உவமை சொல்கிறது. குடத்தில் காய் இல்லாமலில்லை. குண்டிகையில் பஞ்சு இல்லாமலில்லை. பனையும் தெங்கும் காய்க்காமலில்லை. கொடுக்கும் முறையில்தான் குறை! அக் குறையை எந்த வினாத்தாள் காட்டும்?

கொடுக்கும் முறைக்கு உயிர் மொழி. இங்குதான் காரைக்காலின் கேடு தொடங்குகிறது. நெடுங்காலம் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தைப் பின்பற்றிய புதுவை, காரைக்கால் அரசுப் பள்ளிகள் படிப்படியாக நடுவண் பாடத்திட்டத்துக்கு மாற்றப்பட்டன. 2023-24 கல்வியாண்டில் மேல் வகுப்புகளும் அதற்குள் இழுக்கப்பட்டன. அதனோடு ஆங்கிலமும் பயிற்றுமொழியாய்ப் புகுந்தது. திருநள்ளாற்றிலும் நெடுங்காட்டிலும் கோட்டுச்சேரியிலும் உழவர் வீட்டிலும் மீனவர் வீட்டிலும் தமிழே கேட்டு வளர்ந்த குழந்தை, தனக்குத் தெரியாத மொழியில் அறிவியல் கேட்கிறது. தமிழில் கற்பிக்கப் பயின்ற ஆசிரியரோ தம் திறனில் பாதியை வாயிலிலேயே விட்டுவிட்டு உள்ளே செல்கிறார். பின்னர், ‘ஆசிரியர்க்குத் தகுதியில்லை’ எனப் பழி! கையைக் கட்டிவிட்டு நீந்தவில்லை என்பது எவ்வகை நயன்மை?

எனவே நாம் கேட்பவை இவை. தமிழ்க் குழந்தைக்கு ஆசிரியராவார்க்குத் தமிழிலேயே பயிற்சி வேண்டும். பயிற்சிக் காலத்தின் பெரும்பகுதி பட்டறிவுடைய ஆசிரியரின் வகுப்பறையில் கழிய வேண்டும். பணியில் உள்ளாரின் திறனை அவர்தம் வகுப்பறையிலேயே அளத்தல் வேண்டும். தொடக்கக் கல்வி முழுமையும் தாய்மொழியில் அமைதல் வேண்டும்.

தமிழாசிரியப் பெருமக்களே! நம் பிழைப்புக்காக மட்டும் இதைக் கேட்கவில்லை. நம்முன் அமர்ந்து, புரியாமலே தலையசைக்கும் அக் குழந்தைக்காகக் கேட்கிறோம். உரத்துக் கேட்போம்!