எல்லையறிந்து குடியேறுதல்

புதிதாக மணம் முடித்த இளம் ஆசிரியர் ஒருவர் எம் பாடசாலைக்கு மாற்றலாகி வந்துவிட்டால், ஆசிரியர் அறையில் ஒரு வாரத்திற்கு வேறு பேச்சு இராது. எங்கே வீடு பார்ப்பது என்பதே பேச்சு. அட்டன் என்பார் ஒருவர். கடைத்தெரு உண்டு, எந்நேரமும் பஸ் உண்டு, பிள்ளை வளர்ந்தால் சேர்ப்பதற்கு நல்ல பாடசாலை உண்டு என்பது அவர் வாதம். கொட்டகலை என்பார் மற்றொருவர். நெரிசல் இல்லை, வாடகையும் கைக்கடக்கம் என்பார். நுவரெலியாவுக்கு அண்மை என்று தலவாக்கலையைச் சொல்வாரும், ஆதார வைத்தியசாலை அருகிலிருக்கிறது என்று டிக்கோயாவைச் சொல்வாரும் உளர். இவ்வாதங்களைப் பல்லாண்டுகளாகக் கேட்டு வருகின்றேன். ஊரோடு ஊரை ஒப்பிடுகின்றார்களேயன்றி, அவ்வூரின் எல்லை எங்கே முடிகின்றது, எல்லைக்கு இப்பால் இருப்பவனுக்கும் அப்பால் இருப்பவனுக்கும் வாழ்க்கையில் என்ன வேறுபாடு என்று வினவுவார் அரியர். மலையகத்தில் வீடு தேடுவோர் முதலில் வினவ வேண்டியது அதுவே என்பது என் கருத்து.

ஊரைப் பகுத்து நோக்குதல் தமிழுக்குப் புதிதன்று. புகார் நகரத்தைச் சொல்லப் புகுந்த இளங்கோவடிகள் மருவூர்ப்பாக்கம் வேறு, பட்டினப்பாக்கம் வேறு என இரண்டாக வகுத்தே சொல்கின்றார். கடலையடுத்த மருவூர்ப்பாக்கத்தில் யவனரும், பரதவரும், உப்பு வாணிகரும், கம்மியரும் வாழ்ந்தனர். பட்டினப்பாக்கத்தில் அரச வீதியும் பெருவணிகர் மாடங்களும் இருந்தன. இரண்டுக்கும் நடுவே மரச்சோலையின்கீழ் நாளங்காடி கூடிற்று. பாக்கங்கள் இரண்டாயினும் அங்காடி ஒன்று என்பதை நம் மாணவர் மனனஞ் செய்து பரீட்சையில் எழுதுவர். ‘உமது ஊரின் பாக்கங்கள் எவை?’ என்று அவர்களையே கேட்டுப் பாருங்கள், விழிப்பர்.

நான் இவ்வினாவை வகுப்பில் கேட்பதுண்டு. அட்டன் கடைவீதியைப் பட்டினப்பாக்கம் என்று உடனே சொல்லிவிடுவார்கள். தோட்டத்து லயத்தை மருவூர்ப்பாக்கம் என்பான் ஒருவன். அஃது அன்று, மருவூர்ப்பாக்கமும் புகாரைச் சேர்ந்ததே. தோட்டத்துக்கு நேரான இடத்தைச் சிலம்பில் தேடினால் மதுரை மதிலுக்குப் புறத்தே இருந்த புறஞ்சேரியைத்தான் காட்டலாம். ஆனால் அங்கு வாழ்ந்தோர் அறவோர். வீதியிற் குப்பை அள்ள வண்டி வராத குறை அவர்களுக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

திம்புள்ள என்று நாம் சொல்லும் இடந்தான் எது? இதற்கு விடை சொல்வது எளிதன்று. தேயிலை வாணிபஞ் செய்வோர்க்குத் திம்புள்ள என்பது ஒரு சுவையின் பெயர். சனவரி முதல் மார்ச்சு வரை வீசும் வறண்ட குளிர்காற்றிற் பறித்த கொழுந்துக்கு உலகச் சந்தையில் அவர்கள் இட்ட பெயர் அது; அவர்தம் படத்தில் அட்டனும் பொகவந்தலாவையும் மஸ்கெலியாவுங்கூடத் திம்புள்ளைக்குள் அடங்கிவிடும். பழைய வெள்ளைக்காரத் தோட்டக்காரர் கணக்கிலோ டிக்கோயா வேறு மாவட்டம், மஸ்கெலியா வேறு மாவட்டம். பத்திரிகை படிப்போருக்குத் திம்புள்ள என்றால் ‘திம்புள்ள – பத்தனைப் பொலிஸ் பிரிவு’. விபத்து நேர்ந்தாலன்றி அப்பெயர் அச்சேறாது. நிலத்தின் இயல்பு இவர்கள் எவரையும் கேளாமல் தானே ஓர் எல்லையை வகுத்திருக்கின்றது. டிக்கோயா, நோர்வூட் பக்கத்தில் விழும் மழைநீர் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் நிறைந்து களனி கங்கையாகிக் கொழும்பின் வடபால் கடலைச் சேரும். தலவாக்கலைப் பக்கத்தில் விழும் நீர் கொத்மலை ஓயா வழியே மகாவலியிற் கலந்து திருகோணமலையிற் கடலைக் காணும். அட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையே சிங்கமலைச் சுரங்கத்தின் ஒரு வாயில் வெயிலாகவும் மறுவாயில் மழையாகவும் இருப்பதைப் புகைவண்டியிற் செல்வோர் கண்டிருப்பர். பண்டைத் தமிழர் நிலத்தைப் பகுத்தது இவ்வாறான எல்லைகளைக் கொண்டே.

எம் மக்களின் வாழ்வை வகுத்த எல்லை இவற்றுள் எதுவுமன்று. அது தோட்டத்து எல்லை. 1884இல் அட்டனுக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் புகையிரதம் வந்தபோது இம்மலைகள் முன்னரே தோட்டந் தோட்டமாக அளந்து கல் நடப்பட்டிருந்தன. தோட்டத்துக்குள் மேற்கணக்கு, பணியக்கணக்கு என்ற பிரிவுகள். (மலையைக் ‘கணக்கு’ என்று சொல்லும் வழக்கு வேறெந்தத் தமிழ்நாட்டில் உண்டு? ஆளையும் கொழுந்தையும் எண்ணிய கணக்கே இடத்தின் பெயராய் நின்றுவிட்டது.) தோட்டத்துக்கு வெளியே உள்ள சிங்களக் கிராமத்தை எம் முன்னோர் ‘நாடு’ என்றனர், அங்கிருந்து வருவோர் ‘நாட்டாட்கள்’. தாம் வாழும் இடம் நாடு அன்று என்பதை அவர்கள் ஒரு சொல்லிலேயே சொல்லிவிட்டார்கள். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் பின்னர் அதையே சட்டமாக எழுதிற்று.

குடியுரிமை மீண்ட பின்னரும் எல்லைக்கல் அசையவில்லை. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் பிராந்தியக் கம்பனிகளின் கைக்குச் சென்றது. இவ்விரண்டு மாற்றங்களிலும் லயத்துக்கு வந்த மாற்றம் சிறிது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டம் வந்தபோது, அதன் 33ஆம் பிரிவு தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவிடத் தடையாய் நின்றது. தோட்டத்து மக்கள் வாக்களிக்கலாம், உறுப்பினரைத் தெரிந்தெடுக்கலாம், அந்த உறுப்பினர் தமக்கு வாக்களித்தவரின் லயத்துக்கு ஒரு வடிகான் வெட்டித்தர முயன்றால் சட்டம் குறுக்கே நிற்கும். இந்த விந்தை முப்பதாண்டுக்கு மேல் நீடித்து, 2018இல் தான் திருத்தப்பட்டது. அதே ஆண்டு நடந்த தேர்தலில் அம்பகமுவ, நுவரெலியா என்னும் இரு பெரும் பிரதேச சபைகள் ஆறாகப் பிரிந்து, நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை என்னும் புதிய சபைகளும் தோன்றின. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி அம்பகமுவ, நுவரெலியா பிரதேச செயலகப் பிரிவுகள் ஒவ்வொன்றிலும் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் இருந்தனர் என்பதை நினைத்தால், பிரிவினையின் தேவை விளங்கும்.

இனித் தடை நீங்கிற்று என்று சொல்லி நாம் வாளாவிருக்கலாமா? சட்டப் புத்தகத்தில் தடை நீங்குதல் வேறு; தெருவில் நீங்குதல் வேறு. நான் பிறந்தது தோட்டத்து லயத்தில். இன்று குடியிருப்பது ஒரு சிறு பட்டணத்தின் விளிம்பில், தேயிலை மலை தொடங்கும் இடத்தில். எங்கள் தெருவில் ஒரு மதகு உண்டு. குப்பை வண்டி மதகுவரை வந்து திரும்பிவிடும். தெருவிளக்கும் மதகோடு நின்றுவிடும். அப்பால் இருக்கும் வீட்டாரும் இப்பால் இருக்கும் வீட்டாரும் ஒரே கடையில் அரிசி வாங்குபவர்கள், ஒரே கோயில் திருவிழாவில் தேர் இழுப்பவர்கள். ஆயினும் இரவு எட்டு மணிக்கு மதகைத் தாண்டும் பெண்பிள்ளைக்கு, தான் வேறோர் ஆட்சிக்குள் புகுகின்றோம் என்பது எவரும் சொல்லாமலே தெரியும்.

முகவரி என்பது இன்னொன்று. தேயிலை மலை ஒவ்வொன்றுக்கும் தோட்டத்தில் இலக்கம் உண்டு. எந்த மலையில் எவ்வளவு கொழுந்து என்று கந்தோர்ப் புத்தகம் சொல்லும். லயத்துக்கும் இலக்கம் உண்டு; ஆனால் அது கந்தோர்ப் பதிவேட்டுக்குரிய இலக்கமேயன்றித் தபாற்காரர் அறிந்த இலக்கமன்று. கடிதம் தோட்டக் கந்தோருக்கு வந்து, அங்கிருந்து யாரேனும் கொண்டுபோனால் உரியவரைச் சேரும். என்னிடம் படித்த மாணவி ஒருத்திக்கு நேர்முகப் பரீட்சைக்கான கடிதம், பரீட்சை முடிந்து நான்கு நாள் கழித்துக் கிடைத்தது. ஒரு தோட்டத்தின் கந்தோர் மேசையில் அது கிடந்திருக்கின்றது. யாரும் பகைமையால் மறைத்ததாக நான் நினைக்கவில்லை. ஆனால் அந்த மேசைக்கும் அவள் இருந்த காம்பராவுக்கும் இடையே ஒரு மைல் தூரந்தான் இருந்தது. அவள் மறு ஆண்டு மீண்டும் விண்ணப்பித்தாள். இம்முறை அட்டனில் உள்ள உறவினர் வீட்டு முகவரியைக் கொடுத்தாள். இன்று தோட்டத்துப் பிள்ளைகள் பலர் செய்வது இதுவே. கடிதம் பெறுவதற்காக ஓர் ஊரிலும், உறங்குவதற்காக ஓர் ஊரிலும் வாழ்கின்றார்கள்.

இத்துணையுஞ் சொன்னபின், ‘ஆகவே பட்டணத்துக்கே போய்விடுங்கள்’ என்று நான் முடிப்பேன் என எண்ணுவோர் உண்டு. என் கருத்து அதன் மறுதலை. பத்தனையிலுள்ள ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியிற் பயிற்சி பெற்று வெளிவரும் இளம் ஆசிரியர் எல்லாரும் கடைத்தெருவில் ஓர் அறையைத் தேடிப் போவார்களாயின், மதகுக்கு அப்பால் கேள்வி கேட்க எவர் எஞ்சியிருப்பார்? கொழும்புக்குப் போய் வத்தளையிலோ கொட்டாஞ்சேனையிலோ குடியேறியவரை நான் குறை சொல்லேன். தொழில் அங்கே இருக்கின்றது. ஆனால் தோட்டப் பாடசாலையிற் கற்பித்துக்கொண்டே தோட்டத்தில் வாழ்வதை இழிவென்று எண்ணுவோரின் நிலை வேறு. இவர்கள் விட்டோடுவது லயத்தையன்று, ‘லயத்துப் பிள்ளை’ என்ற பெயரை. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் மூன்று தலைமுறை நெருங்கி வாழும் நிலையில், ஓர் இளம் ஆசிரியை தனக்கென ஒரு கதவு வேண்டுமென்று விரும்புவது நியாயமே. அந்தக் கதவைத் தோட்டத்து மண்ணிலேயே கேட்க வேண்டும் என்பதுதான் என் வாதம்.

கேட்கத்தக்க காலமும் வந்திருக்கின்றது. ஏழு பேர்ச் நிலத்தில் தனிவீடு என்னும் திட்டம் அண்மை ஆண்டுகளில் பல தோட்டங்களில் நடந்து வருகின்றது. இந்திய அரசின் உதவியில் நாலாயிரம் வீடுகள் கட்டப்படும் என்றிருந்தது. 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் நோர்வூட்டுக்கு வந்தபோது மேலும் பதினாயிரம் வீடுகள் அறிவிக்கப்பட்டன. 2018இல் மலையகப் புதிய கிராமங்களுக்கென ஓர் அதிகார சபையும் சட்டத்தால் அமைந்தது. ஏழு பேர்ச் என்பது ஏறக்குறைய ஆயிரத்துத் தொளாயிரம் சதுர அடி. ஓர் ஏக்கரில் இருபத்திரண்டில் ஒரு பங்குக்கும் குறைவு. ஏக்கர் ஏக்கராய்க் காட்டை அழித்துத் தேயிலை நட்டவர் பேரர்க்கு இது பெரிய ஈவு என்று நான் சொல்லமாட்டேன். எனினும் அடி எண்ணிக்கையினும் பெரிது உறுதிப்பத்திரம். வீடு கிடைத்தும் உறுதி கிடையாதவர் பலர். உறுதியில்லா வீட்டில் இருப்பவர், சி. வி. வேலுப்பிள்ளை தம் நாவலுக்கு இட்ட பெயரைப்போல, வீடற்றவரே. கூரை மட்டும் புதிது.

இதற்கு மேலும் ஒரு வினா உண்டு. பட்டணத்தாரும் தோட்டத்தாரும் ஒருங்கே கேட்க வேண்டியது. வீட்டுக்கு மேலே உள்ள சரிவு எத்தகையது? 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடிற்று. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது மலைநாடு முழுதும் அதே அச்சத்தில் விழித்திருந்தது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாயப் படங்களை வரைந்து வைத்திருக்கின்றது. வீட்டின் சுவர் நிறத்தையும் கடைவீதித் தூரத்தையும் பார்ப்பவர் இப்படத்தைப் பார்ப்பதில்லை. அட்டனில் கடைகளுக்குப் பின்னே செங்குத்தான மண்ணைக் குடைந்து மூன்று மாடி எழுப்பியிருப்பதைக் கண்டால் எனக்கு நெஞ்சு பதறும். நகரசபை எல்லைக்குள் இருக்கின்றது என்பதற்காக மண் அங்கே நின்றுவிடுமா? தோட்டத்து லயங்கள் பலவும் தேயிலைக்கு உதவாத சரிவிலேயே கட்டப்பட்டன. நல்ல மண் தேயிலைக்கு, எஞ்சியது ஆளுக்கு என்பது அக்கால நியாயம். புதிய வீடுகளுக்கு நிலம் ஒதுக்கும்போதும் அந்த நியாயமே தொடருமாயின், கூரை மாறியும் அபாயம் மாறாது. மலை ஓரத்தில் மட்டமான நிலம் தேயிலைக்கு வேண்டும் என்று கம்பனி சொன்னால், மக்களுக்கு அது முன்னே வேண்டும் என்று எழுதிக் கொடுக்க, படித்த ஒருவர் அத்தோட்டத்தில் இருக்க வேண்டும்.

ஆதலின் என்னை வந்து கேட்கும் இளையோருக்கு நான் சொல்வது இது: அபாயப் படத்தில் நிலம் தேறினால், உறுதி உமது பெயரில் வருமாயின், பிரதேச சபை அவ்விடத்துக்குத் தெருப்பெயரும் வீட்டிலக்கமும் தருமாயின், பட்டணத்து வாடகை அறையைவிடத் தோட்டத்துப் புதிய வீடே மேல். மூன்றில் ஒன்று குறைந்தால் அது கிடைக்கும்வரை சபைக்கு எழுதுக. உறுப்பினர் எவரென்று தெரியாவிட்டால் தெரிந்துகொள்க. வாக்குச் சீட்டில் அவர் பெயரை நாமே கண்டிருக்கின்றோம்.

தெருப்பெயர் பற்றி ஒரு சொல். புதிய குடியிருப்புகளுக்கு அரசியற் பெரியோர் பெயரிட்டுத் திறப்புவிழாப் பலகை நடும் வழக்கம் பெருகி வருகின்றது. ஒரே பெயர் பத்துத் தோட்டத்தில் இருந்தால் தபாற்காரர் என் செய்வார்? எம் மக்கள் ஏற்கெனவே இட்ட பெயர்கள் உண்டு: பீலிக்கரை, பழைய ஸ்டோர், பெரட்டுக்களம், கோயில் லயம், தவறணைப் பாதை. ஒவ்வொன்றும் ஓர் இடத்தை ஐயமின்றிக் குறிப்பது. இவற்றை அந்தந்தத் தோட்டத்து முதியோரிடம் கேட்டு, ஒரு படத்திற் குறித்து, உரிய சபைக்கு அனுப்பும் வேலையைத் தோட்டப் பாடசாலை ஆசிரியர்கள் தம் மாணவரைக் கொண்டு ஒரு தவணைக்குள் முடித்துவிடலாம்.