முட்டைக்கும் தீட்டா?

புரட்டாசி பிறந்துவிட்டால், கருவேப்பிலங்குறிச்சி வட்டாரத்துப் பள்ளிகளிலே ஒரு விந்தையைக் காண்கிறோம். சத்துணவுக் கூடத்திலே முட்டை வெந்திருக்கும். தட்டேந்தி நிற்கும் சிறுவனின் கண்ணிலே ஆசை இருக்கும். வாய் மட்டும், "வேண்டாங்க, வீட்டுல திட்டுவாங்க" என்று கூறும். எலும்பு துருத்தி நிற்கும் எட்டு வயதுப் பிள்ளைக்கு விரதம்! புரட்டாசி போனால் கார்த்திகை மாலை, அதன்பின் மார்கழி. இடையிடையே வெள்ளி, அமாவாசை, கிருத்திகை. கருவேப்பிலையைத் தட்டோரம் ஒதுக்குவார்கள் என்பது பழைய பேச்சு. கருவேப்பிலையையே பெயரில் தாங்கிய ஊரின் பக்கத்திலே முட்டையல்லவா ஒதுக்கப்படுகிறது!

அந்த முட்டை எளிதிலே வந்ததா? 1920இல், நீதிக்கட்சியின் பிட்டி தியாகராயர் தலைமையில் இயங்கிய சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளையொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவில் நண்பகல் உணவளிக்கத் தீர்மானித்தது. கல்வி நிதியைச் சோற்றுக்குச் செலவிடலாகாது என்று வெள்ளையராட்சி தடுக்க, 1925இல் அடுப்பு அணைந்தது. 1956இல் காமராசர் எட்டயபுரத்தில் மீண்டும் மூட்டினார். 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 1989இல் கலைஞர் இரு வாரத்துக்கு ஒரு முட்டை வைத்தார். 2010இல் அது வாரம் ஐந்தாயிற்று. 2022இல் காலைச் சிற்றுண்டியும் சேர்ந்தது. நூற்றாண்டுப் போராட்டத்தின் விளைவைப் பஞ்சாங்கத்தின் ஒரு தாள் தட்டிப் பறிப்பதா?

பறிபோவது என்ன என்று பாருங்கள். 2019–21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வு, தமிழகத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேரும், 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேரும் சோகையுற்றவர் என்கிறது. அந்தக் குழந்தைகள்தாம் நம் வகுப்புகளுக்கு வருகிறார்கள். சோகைக்கு இரும்புச்சத்துக் குறைவு பெருங்காரணம். பி12 குறைந்தாலும் சோகை வரும். அந்தப் பி12 காய்கனியில் கிடையாது, முட்டையில் உண்டு. ஒரு முட்டையில் ஏறத்தாழ ஆறு கிராம் புரதமும் உண்டு.

"அவரவர் நம்பிக்கை, அவரவர் உணவு, தலையிட நீங்கள் யார்?" என்பார்கள். நல்ல கேள்வி! முட்டை உண்ணாதார்க்கு அரசே வாழைப்பழம் தருகிறது. எவர் வாயிலும் எவரும் திணிக்கவில்லை. எனினும் பழத்திலே ஒரு கிராம் அளவுதான் புரதம், பி12 இல்லை என்பதைப் பெற்றோர்க்குச் சொல்வது தலையீடா? உண்ண விரும்பும் பிள்ளையின் கையைத் தடுப்பதல்லவோ தலையீடு! 2015இல் மத்தியப் பிரதேச முதலமைச்சர் அங்கன்வாடியில் முட்டைக்கு இடமில்லை என்றார். 2021இல் கர்நாடகத்தில் பள்ளி முட்டையை எதிர்த்து மடாதிபதிகள் கிளம்பினர். வயிறு நிறைந்தோரின் புனிதத்துக்கு, ஏழைப் பிள்ளையின் வயிறா பலிபீடம்?

முட்டைக்குத் தீட்டென்றவர்கள் அதை அவித்த கைக்கும் தீட்டென்றார்கள். 2018இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டம்பாளையத்தில், அருந்ததியப் பெண் சமைக்கலாகாதென்று ஆதிக்க சாதியினர் எதிர்த்தனர். 2023இல், எட்டயபுரத்துக்கு அருகே உசிலம்பட்டியில், தாழ்த்தப்பட்ட பெண் சமைத்த காலை உணவைப் பிள்ளைகள் உண்ணலாகாதென்றனர். ஆம், காமராசர் அடுப்பு மூட்டிய அதே எட்டயபுரம்! விருத்தாசலத்துச் சூளையிலே வேகும் பீங்கான், தன்னை வனைந்த கை எந்தச் சாதி என்று கேட்பதில்லை. களிமண்ணுக்குள்ள பெருந்தன்மை மனிதனுக்கில்லை.

நம்மூர் மக்கள் மணவாளநல்லூர்க் கொளஞ்சியப்பரிடம் பிராது கட்டுவதை நாம் அறிவோம். களவு போன ஆட்டுக்குப் பிராது, கடனைத் தராதவன்மீது பிராது. பிள்ளையின் வெளுத்த இமைக்குள்ளே சோகை தெரிகிறதே, அதற்குப் பிராது எங்கே?

இடம் உண்டு, இளைஞர்களே! அக்டோபர் 2 கிராமசபை புரட்டாசியிலேதான் வருகிறது. எழுந்து நின்று கேளுங்கள்: இம்மாதம் நம் பள்ளிக்கு வந்த முட்டை எத்தனை? பிள்ளைகள் உண்டது எத்தனை? ஒதுக்கிய பிள்ளைகளில் வீட்டார் சொல்லுக்கு அஞ்சியவர் எத்தனை பேர்? சமைக்கும் அம்மாவின் கைச்சோற்றை மறுத்தவர் உண்டா? விடையைப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுதிய பிறகு, அந்த அம்மா ஆக்கிய சோற்றை ஊர்ப் பெரியவர்களோடு ஒரே பந்தியில் அமர்ந்து, முட்டையோடு உண்ணுங்கள்.