ஐந்து மணித்தியாலத் தாமதம்

 

சென்ற மாதம் பெண்களுக்கான வகுப்பு முடிந்ததும் திரைக்கு அப்பாலிருந்து ஒரு சகோதரி கேள்வி ஒன்று கேட்டார். உம்ராவை முடித்துவிட்டுத் திரும்பிய அவருடைய உம்மாவின் விமானம் ஜித்தாவில் ஐந்து மணித்தியாலம் தாமதித்துவிட்டதாம். சக்கரத்தில் ஏதோ பழுது என்றார்களாம். "சீனி வருத்தம் உள்ள மனுசியை இப்படிக் காக்க வைத்தது அநியாயம் இல்லையா ஹஸ்ரத்?" என்றார். அவருடைய கோபம் எனக்கு விளங்கியது. வீட்டில் சமைத்து வைத்த சோறு ஆற, கட்டுநாயக்கவில் பிள்ளைகள் தூங்கி விழ, நாமும் காத்துக் கிடந்தவர்கள்தானே! அன்று நேரம் போதவில்லை. அந்தப் பதிலை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

அதே ஜித்தாவிலிருந்து 1991ஆம் ஆண்டு ஜூலை 11ஆம் திகதி காலை ஒரு விமானம் புறப்பட்டது. ஹஜ்ஜை நிறைவேற்றிவிட்டு நைஜீரியாவின் சொகோட்டோ நகருக்குத் திரும்பும் 247 பயணிகள் அதில் இருந்தார்கள். பயணம் நைஜீரியா எயார்வேய்ஸின் பெயரில். விமானமும் அதன் 14 ஊழியர்களும் கனடாவின் நேஷன்எயார் கம்பனியைச் சேர்ந்தவர்கள். கலியாண வீட்டுக்குப் போகச் சாரதியோடு சேர்த்து நாம் வேன் பிடிப்பதில்லையா, அதுபோல ஹஜ் காலத்துக்கென வாடகைக்குப் பிடித்த விமானம். வேனில் ஏறும்போது டயரை யார் பார்த்தார் என்று நாம் கேட்பதில்லை. அந்த ஹாஜிகளும் கேட்டிருக்க மாட்டார்கள்.

விமான டயருக்கு நிரப்புவது நைதரசன் வாயு. சாதாரணக் காற்றிலுள்ள ஒட்சிசன் தீயை வளர்க்கும், நைதரசன் வளர்க்காது என்பதே காரணம். அன்று இரண்டு டயர்களில் அமுக்கம் குறைந்திருப்பதைத் தலைமை மெக்கானிக் கண்டார். நிரப்ப முயன்றார். கைவசம் நைதரசன் இல்லை. அதைத் தேடி எடுக்க நேரம் பிடிக்கும். கம்பனியின் வேலைகளுக்கு அங்கே பொறுப்பாயிருந்த முகாமையாளரோ தாமதத்துக்கு இணங்கவில்லை. விமானம் அப்படியே போகட்டும் என்றாகிவிட்டது.

ஒரே அச்சில் இரண்டு டயர்கள் இருக்கும். ஒன்று மெலிந்திருந்தால் அதன் சுமையும் மற்றதன் தலையில் விழும். ஓடுபாதையை நோக்கி நகர்ந்த தூரத்திலேயே நல்ல டயர் அளவு மீறிச் சூடேறிப் பலவீனப்பட்டது. வேகமெடுக்கத் தொடங்கியதும் வெடித்தது. அடுத்து மெலிந்த டயரும் போயிற்று. உராய்வில் தீப்பற்றியது. விமானிகளுக்குச் சத்தம் கேட்டது, டயராக இருக்குமோ என்ற சந்தேகமும் வந்தது. ஆனால் சக்கரம் மடங்கும் அறையில் தீயை அறிவிக்கும் கருவி இருக்கவில்லை. மேலெழுந்ததும் வழக்கம்போல் சக்கரங்களை உள்ளே இழுத்தார்கள். எரியும் றப்பர் விமானத்தின் வயிற்றுக்குள் போய்விட்டது. திரும்பி வந்து இறங்க முயன்றார்கள். ஓடுபாதைக்கு மூன்று கிலோமீற்றருக்கும் குறைவான தூரத்தில் விழுந்து நொறுங்கியது. 261 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை.

இப்படியொரு செய்தி கேட்டால் நாம் என்ன சொல்வோம்? "கத்ர், அவங்கட நஸீப்" என்போம். ஈமான் கொண்டவர் அப்படித்தான் பொறுமை கொள்ள வேண்டும். ஆனால் அது பறிகொடுத்தவர்களின் ஆறுதலுக்கான வார்த்தை. டயரைப் பார்த்தும் விட்டவர் அதற்குள் ஒளிந்துகொள்ள முடியாது. அறியாமல் நேர்ந்த கொலைக்குக்கூட மார்க்கம் நஷ்டஈடாகத் தியத்தையும் பரிகாரமாகக் கஃப்பாராவையும் விதித்திருக்கிறது. வைத்தியம் அறியாதவர் வைத்தியம் செய்து உயிர் போனால் அவரே பொறுப்பாளி என்பதும் நம் பிக்ஹு நூல்களில் உள்ள சட்டம். டயரைப் பற்றிச் சொல்ல வேண்டியவர் மெக்கானிக். தீர்மானித்ததோ நேரத்தைக் கணக்குப் பார்த்தவர். என் மனதை உறுத்துவது இந்த இடம்தான்.

ஜப்பானில் 1985ஆம் ஆண்டு ஓகஸ்ட் 12ஆம் திகதி 524 பேரோடு போன ஜம்போ விமானம் மலையில் மோதி 520 பேர் இறந்தார்கள். ஏழு வருடங்களுக்கு முன், 1978இல், அதன் வால்பகுதி தரையில் உரசியிருந்தது. அதைத் திருத்தியவர்கள் விமானத்தைச் செய்த போயிங் கம்பனியார். பின்பக்கத் தடுப்புச் சுவரின் இணைப்பில் இரண்டு வரிசை ஆணிகள் தாங்க வேண்டிய பாரத்தை ஒரே வரிசை தாங்கும்படி பிழையாகப் பொருத்திவிட்டார்கள். அந்தப் பிழை ஏழு வருடம் பறந்தது! பொருத்தியவர், பரிசோதித்தவர், ஏற்றுக்கொண்டவர் என்று பொறுப்பு பல கைகளில் சிதறிக் கிடந்ததில், கடைசியில் ஒருவர் மீதும் குற்றவழக்குத் தொடரப்படவில்லை. விபத்து விசாரணையின் நோக்கம் இனி நடக்காமல் தடுப்பதே, பழி சுமத்துவதல்ல என்பது சர்வதேச விமானப் போக்குவரத்து விதி. பயமில்லாமல் உண்மை சொல்ல அது உதவும், நியாயமான விதிதான். வழக்கும் நஷ்டஈடும் நீதிமன்றத்தின் வேலை. ஆனால் ஒரு தாயின் கேள்விக்கு அவ்விரண்டும் சேர்ந்தாலும் முழுப் பதிலாகுமா என்பது வேறு கதை.

பழுது பார்த்த விமானம் பறக்கலாம் என்று அனுமதி பெற்ற ஒருவர் கையொப்பமிட வேண்டும். அது இல்லாமல் அது பறக்கக் கூடாது. அந்தப் பேனையைக் கையில் வைத்திருப்பவரைச் சூழ எத்தனை நெருக்குதல்! கம்பனிக்கு ஒவ்வொரு மணித்தியாலமும் காசு. அதோடு, வாயிலில் நின்று சத்தம் போடும் நாமும் அந்த நெருக்குதலில் ஒரு பங்குதான், சகோதரிகளே. தாமதத்தில் பயணிகளுக்கு உணவும் இருக்க இடமும் தருவது கம்பனியின் கடமை. அதைத் தாராளமாகக் கேளுங்கள், மருந்து எடுக்கும் வயோதிபர்களுக்காக வற்புறுத்தியே கேளுங்கள். "இன்னும் எவ்வளவு நேரம் திருத்துவீங்க, எடுங்க போவம்" என்று மட்டும் கேட்க வேண்டாம்.

அந்தச் சகோதரியிடம் அன்று நான் ஒன்றுதான் கேட்டேன்: "உம்மா இப்போது எப்படி இருக்கிறா?" கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "அல்ஹம்துலில்லாஹ் ஹஸ்ரத், வந்த அன்றே ஸம்ஸம் போத்தலைத் திறந்து அயலுக்கெல்லாம் பங்கு வைத்துவிட்டா" என்றார்.