குரூப் எடுத்த பிறகு வழிகாட்டி என்ன பயன்?

பிளஸ் டூ முடிவு வந்த சூட்டோடு மாவட்டந்தோறும் அரசின் 'கல்லூரிக் கனவு' வழிகாட்டி மேடை போட்டுவிடுகிறார்கள். அரங்கு நிறைய மாணவர்கள், மேடையில் வல்லுநர்கள், ஆளுக்கொரு கையேடு. பொறியியல், மருத்துவம், சட்டம், வேளாண்மை, மீன்வளம், கப்பல் படிப்பு என்று வரிசையாகச் சொல்கிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால், கீழே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் பலருக்கு அந்தப் பட்டியலின் பாதி இரண்டு வருடத்துக்கு முன்பே முடிந்துபோன விஷயம். அதை மட்டும் மேடையில் யாரும் சொல்வதில்லை. பந்தி முடிந்த பிறகு இலை போட்டுவிட்டு, சாப்பிட அழைத்தோம் என்று கணக்குக் காட்டுகிறோம்.

பிள்ளையின் பாதை தீர்மானமாவது பிளஸ் டூவில் அல்ல. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலோடு பதினோராம் வகுப்புச் சேர்க்கைக்கு வரிசையில் நிற்கும் அந்த ஒரு காலையில். கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றும் இல்லாதவருக்குப் பொறியியல் பொதுக் கலந்தாய்வில் கட்-ஆஃப் கணக்கிடவே வழியில்லை. உயிரியலை விட்டவருக்கு மருத்துவம் எளிதில் எட்டாது. காமர்ஸ் குரூப் எடுத்த கொக்கிலமேட்டு மீனவர் வீட்டுப் பிள்ளைக்கு மீன்வளப் பல்கலைக்கழகத்தின் இளநிலை மீன்வள அறிவியல் படிப்பு கிடையாது. இவ்வளவு பெரிய முடிவைப் பதினைந்து வயதுப் பிள்ளை எதை வைத்து எடுக்கிறது? பக்கத்து வீட்டு அண்ணன் எடுத்த குரூப், தோழி சேர்ந்த குரூப், அந்தப் பள்ளியில் இருக்கிற குரூப், மார்க்குக்குத் தலைமையாசிரியர் தந்த குரூப். இதில் பிள்ளையின் விருப்பம் எங்கே, வழிகாட்டல் எங்கே?

2025 ஆகஸ்ட் 8 அன்று மாநிலக் கல்விக் கொள்கை வெளியானது. நீதிபதி முருகேசன் குழுவின் பரிந்துரைகளின் அடிப்படையில் உருவான ஆவணம். எல்லோரும் பிடித்துக்கொண்டது ஒரே செய்தியை: 2017-18இல் வந்த பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வு, 2025-26 முதல் கிடையாது. தொலைக்காட்சி விவாதங்கள் எல்லாம் அந்தத் தேர்வு வேண்டுமா, வேண்டாமா என்பதில்தான் சுழன்றன. பதினோராம் வகுப்பின் கடைசி நாளுக்கு இவ்வளவு சண்டை போட்டவர்கள், அதன் முதல் நாளைப் பற்றி வாயே திறக்கவில்லை. எனக்கு எரிச்சல் மூட்டியது இதுதான்.

47இன் மறுபக்கம்

உயர்கல்வியில் தமிழ்நாடு முன்னணி என்று சொல்ல நம்மிடம் ஓர் எண் இருக்கிறது. ஒன்றிய அரசின் 2021-22ஆம் ஆண்டு உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47. நாட்டின் சராசரி 28.4. பெருமைப்பட வேண்டிய எண்தான். தலைமுறைகளின் உழைப்பு அதில் இருக்கிறது. ஆனால், இந்த 47ஐ மேடைதோறும் கேட்டுக் கேட்டு, மீதி 53ஐ நாம் மறந்துவிட்டோம். அதே கணக்கெடுப்பு 2019-20இல் நமக்குத் தந்த எண் 51.4. மேலோட்டமாகப் பார்த்தால், முன்னணியில் இருந்துகொண்டே கீழே இறங்கியதுபோல் தெரியும். 2001 கணக்கெடுப்புக்குப் பதிலாக 2011 கணக்கெடுப்பை வைத்து மக்கள்தொகைக் கணிப்பை மாற்றியதே காரணம் என்பார்கள். உண்மைதான். ஆனால், 51 என்று மார்தட்டியபோது இந்த நுணுக்கத்தை யாரும் பேசவில்லை.

இன்னோர் எண்ணையும் பக்கத்தில் வையுங்கள். 2025இல் பிளஸ் டூ தேர்ச்சி 95.03 சதவீதம். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் தேறும் மாநிலத்தில் கல்லூரிக் கணக்கு நூற்றுக்கு 47! இரண்டும் வேறு வேறு அளவுகோல் என்று புள்ளியியல் படித்தவர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால், பிளஸ் டூ தேறியும் கல்லூரிக்குப் போகாதவர்களைத் தேடிப் பிடிக்க 'உயர்வுக்குப் படி' என்று தனி முகாமே நடத்த வேண்டியிருக்கிறது. இடையில் பெரிய ஓட்டை இருப்பதற்கு அந்த முகாமே சாட்சி.

பணம்தான் தடை என்றால் பாதித் தடையை அரசு ஏற்கெனவே நீக்கிவிட்டது. 2022இல் புதுமைப் பெண், 2024இல் தமிழ்ப் புதல்வன் என்று, கல்லூரி சேரும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய். மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல் முதலான தொழிற்படிப்புகளில் 2021 முதலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. கதவு திறந்திருக்கிறது, கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. ஆனால், உரிய குரூப் எடுக்காதவருக்கு 7.5 சதவீதமும் ஒன்றுதான், 75 சதவீதமும் ஒன்றுதான்.

கண்ணெதிரே இருப்பது கண்ணில் படவில்லை

செங்கல்பட்டு மாவட்டத்தின் கடற்கரையை எடுத்துக்கொள்ளுங்கள். முட்டுக்காட்டிலிருந்து கல்பாக்கம் வரை கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர். இந்த நீளத்தில் ஒரு பிள்ளை பேருந்தின் சன்னலோரம் உட்கார்ந்து வந்தாலே ஒரு பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்தைப் பார்த்துவிடலாம். முட்டுக்காட்டைத் தொடும் முன்பே உத்தண்டியில் இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் தலைமையகம். முட்டுக்காட்டில் பன்முக மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம். சிறப்பு ஆசிரியர் பயிற்சி அங்கே உண்டு. அதே ஊரில் உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் சோதனை நிலையம். வடநெம்மேலியில் முதலைப் பண்ணையும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கமும். நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள். மாமல்லபுரத்தில் அரசு கட்டட, சிற்பக் கலைக் கல்லூரி. கல்பாக்கத்தில் சென்னை அணுமின் நிலையமும் 1971இல் தொடங்கிய இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையமும். உள்ளே திரும்பினால் மேலக்கோட்டையூரில் விளையாட்டுப் பல்கலைக்கழகம், செங்கல்பட்டில் 1965 முதல் மருத்துவக் கல்லூரி.

இவ்வளவும் இருந்தும், இந்தச் சாலையோரப் பள்ளிகளின் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டால் அவர்களுக்குத் தெரிவது எவற்றின் பெயர்? ஓஎம்ஆர், ஈசிஆர் விளம்பரப் பலகைகளில் சிரிக்கும் முகங்களோடு நிற்கிற தனியார் கல்லூரிகளின் பெயர். அரசு தன் வழிகாட்டி வேலையைப் பலகைக்காரர்களிடம் குத்தகைக்கு விட்டுவிட்டது என்றே சொல்ல வேண்டும்.

சிற்பக் கல்லூரியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நான் எங்கே போனாலும் பேசுகிற விஷயம் அது. 1957இல் பயிற்சி நிலையமாகத் தொடங்கியது. சிற்பம், ஓவியம், மரபுக் கட்டடக் கலை ஆகியவற்றில் பட்டம் தருகிற அரசு நிறுவனம். இதன் முதல்வராக இருந்த கணபதி ஸ்தபதிதான் 2000 ஜனவரி 1 அன்று கன்னியாகுமரியில் திறக்கப்பட்ட 133 அடி வள்ளுவர் சிலையை வடித்தவர். மாமல்லபுரம் கற்சிற்பத்துக்கு 2017இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கும் முன்பு, 2015இல் உலகக் கைவினைக் குழுமம் இந்த ஊரைக் கற்சிற்ப நகரமாக ஏற்றது. உளிச் சத்தம் கேட்டு வளர்ந்த தேவனேரிப் பிள்ளைக்குக்கூட, இந்தத் தொழிலுக்குக் கல்லூரி உண்டு, பட்டம் உண்டு, பட்டம் முடித்தால் கோயில் திருப்பணி முதல் வெளிநாட்டுக் கோயில் கட்டுமானம் வரை வேலை உண்டு என்று வகுப்பறையில் சொல்ல ஆளில்லை.

கல்பாக்கத்துக் கதையும் இதுதான். அணுசக்தித் துறையில் வேலை என்றால் ஐஐடி படித்திருக்க வேண்டும் என்று ஊர் நினைக்கிறது. அறிவியல் குரூப்பில் பிளஸ் டூ முடித்தவரையும், பத்தாம் வகுப்போடு ஐடிஐ முடித்தவரையும் உதவித்தொகையோடு பயிற்சிக்கு எடுக்கும் வழி அங்கே இருக்கிறது. குறைந்தபட்ச மதிப்பெண் வேண்டும், தேர்வு எழுதித் தேறவும் வேண்டும். அதைப் பத்தாம் வகுப்பு மாணவனுக்கு முன்கூட்டியே சொன்னால்தானே அவன் அந்த மதிப்பெண்ணைக் குறிவைப்பான்? ஐடிஐ என்றாலே படிப்பு முடிந்தது என்ற நினைப்பும் அப்படித்தான். ஐடிஐ முடித்தவர் மொழித்தேர்வு எழுதிப் பிளஸ் டூவுக்கு இணைச் சான்று பெறலாம். பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். டிப்ளமோ முடித்துப் பொறியியலிலும் இரண்டாம் ஆண்டு நுழையலாம். இந்த ஏணி தெரியாததால், ஐடிஐயைத் தோற்றவர்களின் இடம் என்று நாமே முத்திரை குத்திவிட்டோம்.

குலக்கல்வி என்ற பூச்சாண்டி

இப்படி எழுதினால் உடனே ஒரு குரல் எழும்: இது, தகப்பன் தொழிலையே பிள்ளைக்குக் கற்பிக்கும் குலக்கல்வி அல்லவா? 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தையும், 1954இல் காமராஜர் அதைக் கைவிட்டதையும் தெரியாமல் நான் எழுதவில்லை. அந்தத் திட்டம் செத்தது நியாயம். மரபுத் தொழில் செய்வோருக்குக் கடன் தரும் ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டத்தைத் தமிழ்நாடு மறுத்ததும், தன் கலைஞர் கைவினைத் திட்டத்துக்கு 35 வயதைக் குறைந்தபட்சமாக வைத்ததும் அந்த அச்சத்தால்தான். பதினெட்டு வயதுப் பிள்ளையைக் கடன் கொடுத்துத் தகப்பன் தொழிலில் கட்டிப்போடாதே என்ற எச்சரிக்கை சரியானது.

ஆனால், தகவல் தராமல் விடுவது அதைவிடக் கொடிய குலக்கல்வி. ஒன்றும் தெரியாத பிள்ளைக்குத் தெரிந்த ஒரே தொழில் வீட்டுத் தொழில்தான். வழிகாட்டல் இல்லாத இடத்தில்தான் மீனவர் மகன் மீனவராகவும், கல்தச்சர் மகன் கல்தச்சராகவும், இருளர் பிள்ளை செங்கல் சூளைக்கும் போகிறார்கள். நான் கேட்பது நேர் எதிரான ஒன்றை. வெண்புருஷம் மீனவர் மகளுக்குச் சிற்பக் கல்லூரி தெரிய வேண்டும். சிற்பி மகனுக்குக் கப்பல் அதிகாரி ஆவதற்கான கடல்சார் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு தெரிய வேண்டும். அதற்குக் கணிதக் குரூப் வேண்டும் என்பது ஒன்பதாம் வகுப்பிலேயே தெரிய வேண்டும். இதைக் குலக்கல்வி என்பவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்பிலேயே ஆலோசகர் வைத்துக் கொடுத்தவர்கள். அவர்களோடு நீண்ட விவாதம் தேவையில்லை.

76 பாடவேளை

ஃபின்லாந்தைப் பாருங்கள். அங்கே வழிகாட்டல் ஒருநாள் விழா அல்ல, ஒரு பாடம். ஏழு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை 76 பாடவேளை அதற்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள். அதைக் கையாள அதற்கென்றே படித்த ஆசிரியர் உண்டு. பிள்ளைகள் சில நாள் உண்மையான வேலையிடத்துக்கே போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள். பணக்கார நாடு, சின்ன நாடு, நமக்கு ஒத்துவராது என்பது வழக்கமான பதில். சின்ன நாடுதான், மொத்தம் 56 லட்சம் பேர். 2011 கணக்கெடுப்பில் இன்றைய செங்கல்பட்டு மாவட்டப் பரப்பில் மட்டும் 25 லட்சத்துக்கு மேல் மக்கள். 2019 நவம்பரில் பிறந்த இந்த ஒரு மாவட்டமே ஃபின்லாந்தில் ஏறத்தாழப் பாதி. ஒரு நாட்டால் முடிந்ததை ஒரு மாவட்டத்தால் செய்ய முடியாதா?

76ஐ வகுத்துப் பாருங்கள். ஆண்டுக்கு 38 வாரம், வாரம் ஒரு பாடவேளை, ஒன்பதாம், பத்தாம் வகுப்பு என்று இரண்டு ஆண்டு. சரியாக 76. நம் கால அட்டவணையில் ஒரு வாரப் பாடவேளைக்கு இடமில்லை என்று எந்தத் தலைமையாசிரியரும் சொல்ல முடியாது. பத்தாம் வகுப்புப் பிள்ளையிடமிருந்து விளையாட்டுப் பாடவேளையைப் பிடுங்கிக் கணக்குப் போட மட்டும் எப்படி இடம் வருகிறது?

அரசின் 'நான் முதல்வன்' திட்டம் 2022 மார்ச் 1 அன்றே தொடங்கிவிட்டதே, அதில் ஒன்பதாம் வகுப்புக்கும் வழிகாட்டல் உண்டே என்பார்கள். காகிதத்தில் உண்டு. பள்ளியில் அது, ஏற்கெனவே எமிஸ் என்னும் பள்ளித் தகவல் தளத்தின் பதிவேற்றத்தில் நெளியும் பாட ஆசிரியர் ஒருவர் தலையில் விழுந்த இன்னொரு பொறுப்பு. அவருக்கே கடல்சார் படிப்புக்கும் மீன்வளப் படிப்புக்கும் வித்தியாசம் தெரியாதபோது அவர் பிள்ளைக்கு என்ன சொல்வார்? இணையதளம் ஆசிரியர் ஆகாது. கையேடு ஆலோசகர் ஆகாது.

செய்ய வேண்டியது நான்குதான். ஒன்று, ஒன்பதாம் வகுப்பிலிருந்து வாரம் ஒரு பாடவேளை. தேர்வும் மதிப்பெண்ணும் இல்லாமல். இரண்டாவதாக, மூன்று நான்கு உயர்நிலைப் பள்ளிகளுக்கு ஒருவராவது முழுநேர வழிகாட்டி ஆசிரியர். வேறு வேலை எதுவும் அவருக்குக் கூடாது. மூன்று, ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டுத் தொழில் அல்லாத இரண்டு இடங்களையாவது நேரில் பார்க்க வேண்டும். அணுமின் நிலையம், சிற்பக் கல்லூரி, மறைமலை நகர்ப் பட்டறை, மருத்துவக் கல்லூரி ஆய்வகம் எல்லாம் ஒரே பேருந்துத் தொலைவில் இருக்கின்றன. நான்கு, குரூப் எடுக்கும் முன்பு, பத்தாம் வகுப்பின் அரையாண்டுத் தேர்வு முடிந்த கையோடு, பள்ளி மேலாண்மைக் குழு பெற்றோரைக் கூட்டி எந்தக் குரூப்புக்கு எந்த வழி என்று சொல்ல வேண்டும். அம்மாவும் அப்பாவும் முடிவெடுக்கும் வீட்டில் பிள்ளைக்கு மட்டும் பாடம் நடத்திப் பயனில்லை.

இந்த நான்கையும் செங்கல்பட்டு மாவட்டத்தில் மட்டும் மூன்றாண்டு செய்து பாருங்கள். இந்த மாவட்டத்தின் சேர்க்கை விகிதம் அறுபதைத் தாண்டும் என்று நான் பந்தயம் கட்டுவேன். செய்ய மனமில்லை என்றால், 'கல்லூரிக் கனவு' மேடைச் செலவையாவது நிறுத்திவிட்டு, அந்தப் பணத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஒரு பேருந்தில் ஏற்றிக் கல்பாக்கம் வரை அழைத்துப் போங்கள். பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: உங்கள் பிள்ளை பத்தாம் வகுப்பில் இருந்தால், முடிவு வரும் வரை காத்திருக்காதீர்கள். இந்த வாரமே பள்ளிக்குப் போய், எந்தக் குரூப் எடுத்தால் எந்தெந்தக் கதவு மூடும் என்று கேளுங்கள். பதில் சொல்ல அங்கே ஆள் இல்லை என்றால், அந்தக் கேள்வியை மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் மனுவாகக் கொடுங்கள்.