வைஃபை டாங்கிள் வேலை செய்யலையா? பெட்டியில் எழுதாத விஷயம் இதுதான்!

காலை 10 மணிக்கு ஆன்லைன் இன்டர்வியூ. லேப்டாப்பில் இருந்த வைஃபை போன வாரமே போயிடுச்சு. சில நூறு ரூபாய்க்கு ஒரு யூஎஸ்பி வைஃபை டாங்கிள் வாங்கிச் செருகினால், விளக்கு எரியுது. நெட் மட்டும் வரல. உடனே ரிவ்யூவில் ஒரு ஸ்டார் போட்டு, ரிட்டர்ன் பட்டனை அழுத்துவதுதான் வழக்கம். என்னைக் கேட்டால், பல நேரம் அந்த ஒரு ஸ்டார் டாங்கிளுக்கு இல்லை, அது வந்த பெட்டிக்குத்தான் போடணும்.

டாங்கிளின் குணத்தைத் தீர்மானிப்பது உள்ளே இருக்கும் சிப். ரியல்டெக், மீடியாடெக் மாதிரி சில நிறுவனங்களின் சிப்பை வாங்கித்தான் பல பிராண்டுகள் தங்கள் பெயரில் விற்கின்றன. டிரைவர் சாஃப்ட்வேரும் அந்த சிப்புக்கானதுதான். ஆனால், பெரும்பாலான பெட்டிகளில் சிப் பெயர் இருக்காது. ஒரே மாடலுக்குள்ளேயே சிப் மாறுவதும் உண்டு. டிபி-லிங்கின் டிஎல்-டபிள்யூஎன்722என் மாடலின் முதல் வெர்ஷனில் இருந்தது ஏதெரோஸ் சிப். இரண்டாவது வெர்ஷனில் ரியல்டெக். லினக்ஸ் ஆட்கள் பழைய வெர்ஷனையே தேடித் தேடி வாங்கியது இதனால்தான்.

சரி, கையில் இருக்கிறதை ஓட வைக்கப் பார்ப்போம். செருகியதும் லேப்டாப்பில் புதிதாக ஒரு சிடி டிரைவ் தெரியுதா? பதற வேண்டாம். சில டாங்கிள்கள் முதலில் தங்களை சிடி மாதிரிக் காட்டிக்கொள்ளும். அதற்குள் இருக்கும் டிரைவரை இன்ஸ்டால் செய்த பிறகுதான் வைஃபை கருவியாக மாறும். இன்னும் சில பெட்டிகளில் நிஜமாகவே ஒரு குட்டி சிடி வருது. சிடி டிரைவே இல்லாத இன்றைய லேப்டாப்களுக்கு அதை எதற்குப் போடுகிறார்களோ!

இரண்டும் இல்லையென்றால், ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். மஞ்சள் முக்கோணத்தோடு ஒரு கருவி நின்றால் டிரைவர்தான் பிரச்சினை. அதன் பிராப்பர்டீஸில் டீடெய்ல்ஸ், அதில் ஹார்டுவேர் ஐடிஸ் போனால் விஐடி, பிஐடி என்று இரண்டு குறியீடுகள் இருக்கும். முதலாவது தயாரிப்பாளரையும் இரண்டாவது கருவியையும் குறிக்கும். இரண்டையும் சேர்த்துத் தேடினால் பெட்டி சொல்லாத சிப் பெயர் கிடைத்துவிடும். டிரைவரைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். 'எல்லா டிரைவரும் ஒரே கிளிக்கில்' என்று கூவும் தளங்கள் பக்கம் போகாதீங்க.

டிரைவர் எடுக்கவே நெட் வேணுமே? ஆண்ட்ராய்டு போனை கேபிளில் இணைத்து யூஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யுங்கள். பல போன்களில், போன் வீட்டு வைஃபையில் இருக்கும்போதே இது வேலை செய்யும். அதாவது, போனே டாங்கிள் ஆகிவிடும். அன்றைய இன்டர்வியூவை இதிலேயே முடித்துவிடலாம்.

வேறு போர்ட், வேறு லேப்டாப் என மாற்றிச் செருகியும் டிவைஸ் மேனேஜரில் எதுவுமே தெரியலையா? அப்போ டாங்கிள் நிஜமாகவே காலி. தாராளமாகத் திருப்பி அனுப்பலாம்.

கனெக்ட் ஆகியும் இழுத்துக்கொண்டே இருந்தால் கதை வேறு. யூஎஸ்பி 3.0 போர்ட்டும் அதில் செருகிய ஹார்டு டிஸ்க்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு இரைச்சல் தரும் என்று இன்டெல் 2012-லேயே ஒரு வெள்ளை அறிக்கையில் விளக்கியிருக்கிறது. டாங்கிளை யூஎஸ்பி 2.0 போர்ட்டுக்கு மாற்றுங்கள். அல்லது ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் கேபிளில் தள்ளி வையுங்கள். அடிக்கடி துண்டித்தால், டிவைஸ் மேனேஜரில் பவர் மேனேஜ்மென்ட் பகுதிக்குப் போய், மின்சாரம் சேமிக்கக் கருவியை அணைக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள்.

உங்கள் வைஃபை பெயரே பட்டியலில் வரலையா? அது 5 கிகாஹெர்ட்ஸ் நெட்வொர்க்காக இருக்கலாம். விலை மலிவான சிங்கிள் பேண்ட் டாங்கிளுக்கு அது கண்ணிலேயே படாது. ரூட்டரில் 2.4 அலைவரிசையையும் ஆன் செய்தால் போதும். இதைப் பெட்டியில் பெரிதாகப் போட என்ன தயக்கம்? வேகத்தை மட்டும் பெரிதாகப் போடுகிறார்கள். 'ஏசி600' என்பது 2.4-இல் 150, 5-இல் 433 எம்பிபிஎஸ் இரண்டையும் கூட்டி, மேலே கொஞ்சம் ரவுண்ட் செய்த கணக்கு. டாங்கிள் ஒரு நேரத்தில் ஒரு அலைவரிசையில்தான் இணையும். ஆக, அந்த 600 யாருக்கும் கிடைக்கப் போவதில்லை.

இந்தியாவில் பொட்டலப் பொருள்களுக்கு எம்ஆர்பி, இறக்குமதியாளர் முகவரி எல்லாம் அச்சிடுவது கட்டாயம். அதே பெட்டியில் சிப் பெயர், வெர்ஷன், அலைவரிசை என மூன்று வரி சேர்க்கச் சொல்வது பெரிய கோரிக்கையா என்ன? மை செலவு எவ்வளவு ஆகிவிடும்?

அதுவரை, வாங்கும் முன் சிங்கிள் பேண்டா, டூயல் பேண்டா, என்ன சிப் என்று கடைக்காரரிடம் கேட்டுவிடுங்கள். 'எல்லா லேப்டாப்புக்கும் வரும் சார்' என்று மட்டும் பதில் வந்தால், எத்தனை நாளுக்குள் திருப்பித் தரலாம் என்பதை பில்லிலேயே எழுதி வாங்கிக்கோங்க.